ஏழாம் நாள் யாருக்கு?

அந்தமானில் கதிரவன் முந்திக்கொள்கிறான். கோடையில் ஐந்து மணியளவிலேயே விடிந்துவிடுகிறது. கடிகாரமோ நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆதலின் டெலானிபூரில் வாழும் நமக்கு உழைப்பதற்கென்றே கூடுதலாக ஒரு காலைப்பொழுது வாய்த்ததுபோல் தோன்றுகிறது. பிழைக்க வந்தோர்க்கு அது இனிப்பாகவும் இருக்கிறது. ஊருக்கு அனுப்ப இன்னும் சிறிது பணம், தங்கையின் திருமணத்திற்கு இன்னும் சிறிது பொன் என்று எண்ணி எண்ணி, ஞாயிற்றுக்கிழமையையும் விற்றுவிடுகிறோம்.

விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் ஓய்வுநாளைப் பற்றியது சற்று நீளமானது. யார் யார் ஓய வேண்டும் என்று அது பெயர் சுட்டிச் சொல்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, கடைசியாக நம் வாயிலுக்குள் தங்கியிருக்கும் அயலான். வேற்று மண்ணில் குடியிருக்கும் நாம் அந்தக் கடைசிச் சொல்லருகே சற்று நின்று போகலாம்.

காரணத்தை இரு நூல்கள் இரு விதமாகக் கூறுகின்றன. யாத்திராகமம் படைப்பை நினைவூட்டுகிறது. உபாகமமோ எகிப்தின் அடிமை வாழ்வை நினைவூட்டுகிறது. செங்கல் அறுத்த கைகளுக்கு அங்கே ஓய்வு ஏது? இரண்டாவது காரணமே நம் உள்ளத்தை மிகுதியும் தொடுகிறது. விடுதலை பெற்ற பின்னும் பாலைநிலத்தில் சிலர் ஏழாம் நாளில் மன்னாவைத் தேடிப் புறப்பட்டனர்; ஒன்றும் கிடைக்கவில்லை. முந்திய நாளே இரு மடங்கு கிடைத்திருந்தும், நாளையைப் பற்றிய அச்சம் அவர்களை விடவில்லை.

உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடர்களை இயேசு பெருமான் தனியிடத்திற்கு அழைத்து இளைப்பாறச் சொன்னார். அவரே ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கி ஏச்சுக்கும் ஆளானார். ஆகவே ஞாயிறன்று மருத்துவமனையிலோ துறைமுகத்திலோ பணி செய்வோர் மனம் வருந்த வேண்டுவதில்லை. கப்பல் கிழமை பார்த்து வருவதில்லையே! அவர்களுக்கு வேறொரு நாள் ஓய்வு கிடைக்கிறதா என்பதே கேள்வி.

நம் நாட்டில் இந்த நாள் தானாக வந்துவிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வார ஓய்வின்றி உழைத்தவர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே 1884இல் குரல் எழுப்பினார். அவர் கிறிஸ்தவரல்லர், ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தது 1890 ஜூன் 10ஆம் நாள். ஆறு ஆண்டுகள் போராடிப் பெற்றதை நாம் ஒரு நாள் கூலிக்கு விட்டுக்கொடுப்பது சரியான கணக்காகத் தோன்றவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை உறுதிசெய்தது. ஆனால் வீட்டுவேலை செய்யும் பெண்ணின் அடுக்களை தொழிற்சாலைக் கணக்கில் வரவில்லை.

மோசேயின் கட்டளையிலோ அவளுக்கு இடமுண்டு. நம் இல்லங்களில் நடப்பதென்ன? ஆராதனை முடித்து விருந்தினரோடு வீடு திரும்புகிறோம். மீன்குழம்பும் பாயசமுமாக உணவு முடிகிறது. நாம் பாய் விரித்துப் படுக்கிறோம். மற்ற நாள்களில் பத்துப் பாத்திரம் தேய்த்தவள் அன்று முப்பது தேய்க்கிறாள். அவளுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் பள்ளியில்லாத நாள் ஞாயிறு ஒன்றே.

வரும் ஞாயிறன்று அவளுக்குக் கூலி குறையாமல் விடுப்புக் கொடுப்போம். முப்பது பாத்திரங்களையும் வீட்டார் அனைவரும் சேர்ந்து தேய்த்தால் அரை மணி நேரத்திற்கு மேல் ஆகாது.