ராம் ஜோடியாக இருக்கட்டும்

ராம் என்றால் என்ன, கம்ப்யூட்டருக்கு அது எதற்கு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள், ராம் என்று வந்தால் எத்தனை ஜிபி, என்ன விலை, விளக்கு எரியுமா என்று கேட்கிறார்கள். எத்தனை ஸ்டிக் என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான். 16 ஜிபி வேண்டுமா, எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். 32 வேண்டுமா, பதினாறு பதினாறாக இரண்டு வாங்குங்கள். ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. சாதாரண மேசைக் கம்ப்யூட்டரின் பிராசஸர், நினைவகத்தோடு இரண்டு தடங்களில் பேசும்படி அமைக்கப்பட்டது. ஒரு தடத்தின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். 3200 வேகமுள்ள டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று அந்தத் தடத்தில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி அனுப்பும். இரண்டு போட்டால் 51.2. ஒற்றை ஸ்டிக் போடுவது, ஆவடிக்கு இரண்டு தண்டவாளம் போட்டு வைத்துவிட்டு ஒன்றில் மட்டும் ரயில் விடுவது போல. டேலியும் எக்ஸெலும் மட்டும் ஓடும் கணக்கர் மேசையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்கான வேலையும் இதே ராமில்தான் நடக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைக்காக ஒரு பாகத்தின் முப்பரிமாண வரைபடத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கும், பூந்தமல்லியில் வீட்டில் விளையாடும் பிள்ளைக்கும் அங்கே தெரியும் வித்தியாசம் பெரிது.

அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ஸ்டிக் ஒன்றுக்குள்ளேயே இரண்டு தடம் இருக்கிறதே, பிறகு ஜோடி எதற்கு என்று சில கடைகளில் சொல்வார்கள். பாதி உண்மை. டிடிஆர்5 அந்த 64 பிட்டை இரண்டு 32 பிட்டாகப் பிரித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மொத்த அகலம் கூடவில்லை. 32-ம் 32-ம் 64தான். ஆகவே டிடிஆர்5 ஆனாலும் ஜோடிதான்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்களின் தேவையால் ராம் விலை ஏறிக் கிடக்கிறது. இப்போது ஒன்று வாங்கி, விலை இறங்கியதும் இன்னொன்று சேர்த்தால் என்ன? வேலைக்கு 32 கண்டிப்பாக வேண்டும், கையில் ஒரு 16-க்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சரி. ராம் போதாமல் தடுமாறுவது ஒற்றைத் தடத்தைவிட மோசம். மற்றபடி நான் ஏற்கமாட்டேன். அதே பெயர், அதே மாடல் என்றாலும் ஆறு மாதம் கழித்து வாங்கும் ஸ்டிக்கில் வேறு சிப் இருக்கலாம்; சேர்த்துச் சோதித்து விற்கப்படுவது ஒரே பெட்டி ஜோடி மட்டுமே. நாலு ஸ்லாட்டையும் நிரப்பிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். ரைசன் 7000 பிராசஸர் வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200. நாலு போட்டால் 3600.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயரமான தகடு வைத்த ஸ்டிக், பெரிய கூலரில் இடிக்கலாம். விளக்குக்குத் தரும் காசை ஜோடிக்குக் கொடுங்கள். மதர்போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது இறங்காது.

நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் ஜோடியைப் போட வேண்டும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் இரண்டும் ஒரே தடத்தில் உட்கார்ந்துவிடும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை இயக்காவிட்டால், பெட்டியில் எழுதிய வேகம் பல ஸ்டிக்குகளில் வராது. கடையிலேயே கம்ப்யூட்டரை ஓடவிட்டு, சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிடிஆர்4 என்றால் டூயல் அல்லது இரண்டு 64 பிட் என்று காட்ட வேண்டும். டிடிஆர்5 என்றால் நான்கு 32 பிட். இரண்டு 32 பிட் என்று காட்டினால், கம்ப்யூட்டர் பெட்டியை மூட விடாதீர்கள். ஸ்டிக்கை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.