பிலிமும் டிஜிற்றலும்: எது சிறந்த படம்?



பிலிம் கமரா எடுத்த படம் சிறந்ததா, டிஜிற்றல் கமரா எடுத்த படம் சிறந்ததா என்னும் வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இரண்டும் ஒளியை எவ்வாறு ஏற்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் பிலிமின் பூச்சிலே வெள்ளி உப்புக்களின் நுண்ணிய பளிங்குகள் நிறைந்துள்ளன. ஒளி பட்ட பளிங்குகள் மருந்துநீரில் இட்டதும் கரிய வெள்ளியாகின்றன. அவை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பதனாலேயே படத்தில் மணல்போன்ற தன்மை தோன்றுகின்றது.

டிஜிற்றல் கமராவிலோ, சிலிக்கன் தகட்டில் வரிசையாக அமைந்த கட்டங்கள் ஒளியை மின்னாக்குகின்றன. அதன் அளவு எண்ணாகப் பதிவாகின்றது. 1975ஆம் ஆண்டிலே கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த கருவியில் 10,000 கட்டங்களே இருந்தன. ஒரு படத்தைக் கசெற் நாடாவிற் பதிய 23 விநாடி சென்றது. இன்று கைத்தொலைபேசியிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட கட்டங்கள் உள.

ஆகவே, வழக்கமான 35 மி.மீ. பிலிமோடு ஒப்பிட்டால், நுண்மையிலும் மங்கிய ஒளியிலும் நல்ல டிஜிற்றல் கமராவே முந்தி நிற்கின்றது. ஆயின், 4 அங்குலத்துக்கு 5 அங்குலமான பெரும் பிலிம் அதனிலும் ஏறத்தாழ 15 மடங்கு பரப்புடையது. அதன் நுண்மை இன்றும் சளைத்ததன்று.

மிகையொளியைத் தாங்குவதில் நெகற்றிவ் பிலிமுக்குத் தனிச் சிறப்புண்டு. வெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டி மடிப்புக்கள் அதில் மெல்லமெல்லவே வெளிறும். டிஜிற்றலிலோ கட்டம் நிரம்பிவிட்டால் விபரம் அறவே இல்லை. எத்திருத்தமும் அதனை மீட்காது. எனவே நெகற்றிவ் பிலிமில் எடுப்பவர் நிழலுக்கு அளந்தும், டிஜிற்றலில் எடுப்பவர் வெளிச்சத்துக்கு அளந்தும் எடுப்பது நன்று.

அன்பர்களே, தரம் என்பது எடுத்த அன்றைய தெளிவு மாத்திரமன்று. பேரப்பிள்ளைகள் காணும் நாளிலும் படம் நிற்றல் வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் நெகற்றிவ் பூஞ்சணம் பிடிக்கும். வர்ணப் பிலிமின் சாயம் மங்கும். எண்களாலான படம் மங்குவதில்லை. எத்தனை பிரதி எடுத்தாலும் குறைவதுமில்லை. ஆயினும் பிரதி ஒன்றேயாக இருந்து, அது பதிந்த தட்டு பழுதானால், பல்லாண்டுப் படங்கள் ஒரு நொடியில் மறையும்.

இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. வீட்டிலுள்ள பழைய நெகற்றிவ்களை ஸ்கான் செய்து வையுங்கள்; செய்தபின் அவற்றை எறிந்துவிடாதீர்கள். கைத்தொலைபேசிப் படங்களுள் சிறந்தவற்றைக் கடதாசியில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். யாரென்று அறியப்படாத முகத்துக்கு எந்தக் கமராவின் தெளிவும் பயன்படாது.