களாச் செடி

மாணவ நண்பர்களே, அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த சீமைக்கு உகந்த முட்புதர் களா. காய் ஊறுகாய்க்கு ஆகும். பழுத்துக் கறுத்தால் இனிக்கும். முள்ளுக்கு அஞ்சி ஆடு விலகும். பறவையோ பழந்தின்று வித்தைத் தொலைவிலே பரப்பும்.

1870-களில் இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேல் இன்று தரிசெங்கும் மண்டிக் கிடக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அதன் கரிமூட்டம் பல குடும்பங்களுக்குச் சோறிட்டதை நான் மறுக்கவில்லை. இப்போது அதனை எந்திரத்தால் அகற்றுகிறார்கள். எந்திரத்துக்கு முள்ளெல்லாம் ஒன்றே; களாவும் உடன் போய்விடும். அடையாளம் காட்ட நீங்கள் அருகில் நிற்க வேண்டுகிறேன்.

கருவேலின் இலை சிறு சிறு கூறுகளாகப் பிரிந்திருக்கும். களாவின் இலை பிரியாதது, எதிரெதிராக அமைந்தது. பூ வெண்மை, மல்லிகையை ஒத்த மணம். பூவற்ற நாளில் ஓர் இலையைக் கிள்ளுங்கள். அரளியின் குடும்பமாதலால் பால் வடியும், கருவேலில் வடியாது.