சோர்வும் சிந்தனையும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். அக்காலத்தில் மாணவர்களைப் பற்றி நான் எழுதிய குறிப்புகளுள் ஒன்றை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். இரண்டாம் பாடவேளையிலேயே மேசைமீது தலை சாய்த்துவிடுவான். கேட்டால், "உடம்பு எழும்ப மாட்டேங்குது ஐயா" என்பான். மூட்டு வீக்கத்திற்கு அவன் மருந்துண்டு வந்ததை நான் அறிவேன். ஆயினும், ஒரு நாள் மாலை அவன் கபடி ஆடக் கண்டேன். அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஆட முடிந்தவனுக்குப் படிக்க முடியாதா என்று சினந்து, முன்னேற்ற அறிக்கையில் 'சோம்பல் மிக்கவன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டே முடக்குவாதம் என்னைப் பற்றிக்கொண்டது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதுதான் இந்நோய். அப்போது சுரக்கும் சைட்டோகைன் என்னும் பொருள்கள் மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. காய்ச்சலின்போது நம்மைப் பாயில் கிடத்துபவையும் இத்தகைய பொருள்களே. காய்ச்சல் சில நாளில் தணியும்; இதுவோ மாதக்கணக்கில் நீடிக்கும். வலியால் கலையும் உறக்கமும், பலருக்கு உண்டாகும் இரத்தசோகையும் உடன் சேரும். எனவே, இரவெல்லாம் உறங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்தவனைப் போலவே எழுகிறோம். பயிற்சிக் கல்லூரியில் களைப்பு வேறு, சலிப்பு வேறு என்று கற்பித்தார்கள். இம்மூன்றாம் வகையை ஒருவரும் கற்பிக்கவில்லை.

நோயோடு என் சிந்தனையும் ஒரு வழக்கத்தில் விழுந்தது. விடியற்காலையில் விரல்கள் மடங்காவிடில், 'இன்றைய நாள் போயிற்று' என்று முடிவு கட்டிப் படுத்தே கிடப்பேன். படுக்கப் படுக்கத் தசைகள் மேலும் தளர்ந்தன. நன்றாக இருந்த நாளிலோ, 'எல்லாவற்றையும் இன்றே முடித்துவிட வேண்டும்' என்ற வேகம்! ஒரு நாள் புத்தக அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து அடுக்கினேன். பிறகு இரண்டு நாள் எழ முடியவில்லை. 'இனி நான் எதற்கும் உதவேன்' என்று எண்ணியபடி கிடந்தபோதுதான் அந்தக் கபடி மாலை நினைவுக்கு வந்தது. அவனும் கிடைத்த ஒரு நல்ல நாளை முழுவதும் செலவழித்துவிட்டவன் அல்லனோ?

நம் எண்ணங்களை நாமே ஆராய்ந்து பார்க்கும் முறையை, 1960-களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்னும் மருத்துவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சையாக வகுத்தார். அவ்வழியைத் தழுவி, பிரிட்டனில் முடக்குவாத நோயாளிகள் 333 பேரிடையே நடந்த ஆய்வொன்று 2019-இல் வெளிவந்தது. செவிலியரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் அவர்களுள் ஒரு பகுதியினரைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பயிற்றுவித்தனர். பயிற்சி பெற்றவர்களின் வாழ்வைச் சோர்வு குலைப்பது ஓரளவு குறைந்தது. அப்பயன் இரண்டு ஆண்டுவரை நிலைத்தது. நோய் நீங்கியதென்று யாரும் சொல்லவில்லை.

இதைக் கேட்டு, 'அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானே' என்று கருதிவிடாதீர்கள். மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ் என்றொரு நோய் உண்டு. சிறிது முயன்றாலும், சில வேளை மறுநாளில், உடல்நிலை மிக மோசமாகும். இந்நோயர் சிலருக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை, பிரிட்டனின் 'நைஸ்' என்னும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2007-இல் பரிந்துரைத்தது. அது தமக்குத் தீங்கு செய்கிறதென்று நோயாளிகள் பலர் முறையிட்டனர். 2021-இல்தான் அம்முறை கைவிடப்பட்டது; சிந்தனைப் பயிற்சியும் நோயைத் தீர்க்கும் மருந்தன்று, துணை மட்டுமே என்று தெளிவாக்கினர். 'எழும்ப மாட்டேங்குது' என்ற சொல்லை நம்பாதவன் நான் ஒருவன் மட்டுமல்லன் போலும்!

இப்போது நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். எத்தனை நிமிடம் வேலை, எத்தனை நிமிடம் ஓய்வு என்று அதில் எழுதுகிறேன். 'நாள் போயிற்று' என்ற எண்ணம் எழுந்தால் அதையும் எழுதி வைத்து, மாலையில் உண்மையா என்று சரிபார்ப்பேன். பாதி நாள் பொய். மீதி நாள் மெய்யே. மெய்யான நாளில் வெட்கமின்றிப் படுத்துக்கொள்கிறேன்.

அம்மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்பதை அறியேன். அந்த அறிக்கை எங்கேனும் ஒரு பெட்டியில் என் கையொப்பத்துடன் இருக்கக்கூடும். இப்பேச்சை நாளுக்கு இருபது நிமிடமாக ஐந்து நாளில் எழுதினேன். குறிப்பேட்டின்படி இனி எனக்கு ஓய்வு வேளை.