நோயாளியைச் சுற்றியும் ஒரு வைத்தியம்

சிகிச்சையில் உளவியல் என்றதும், ஒரு தனி அறை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, தாழ்ந்த குரலில் பேசும் ஓர் ஆலோசகர் என்றுதான் பலருக்கும் தோன்றும். அந்தத் துறையில் அது ஒரு மூலை. மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் மனநலக் காப்பகத்திலும் உளவியல் பார்வைகள் தந்த பெரும்பலன்களில் பல, நோயாளியை மாற்றாமலே கிடைத்தவை. மாறியவை வேறு: பார்வையாளர் நேரம், ஆபரேஷனுக்கு முந்தைய இரவு டாக்டர் பேசிய பேச்சு, நர்ஸ் கூப்பிட்ட விதம், வீட்டில் அண்ணன் திட்டிய திட்டு.

உடலை மட்டும் பார்த்தால் நோய் முழுதாகத் தெரியாது, மனத்தையும் சமூகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அந்தக் கருத்து இன்று பாடமாகிவிட்டது. வார்டுக்குள் அது நுழைந்த கதைதான் கரடுமுரடானது.

நடத்தையியல் ஒப்புநோக்க எளிதாக நுழைந்தது. அச்சமும் கற்றுக்கொண்ட ஒன்றே, ஆகவே கற்றதைக் கழற்றவும் முடியும் என்பது அதன் அடிப்படை. முயலைக் கண்டால் அலறும் ஒரு சின்னஞ்சிறு பையனுக்கு இதைச் செய்துகாட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ், ஆண்டு 1924. பையன் விருப்பமாகச் சாப்பிடும் நேரத்தில் முயல்கூண்டைத் தொலைவில் வைத்து, நாளாக நாளாக அருகே நகர்த்தினார். முடிவில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். தென்னாப்பிரிக்கரான ஜோசப் வோல்பி 1958ல் இதையே ஒழுங்கான சிகிச்சை முறையாக்கினார்: உடலைத் தளர்த்தப் பழகு, அச்சத்தைப் படிகளாகப் பிரி, கீழ்ப்படியிலிருந்து ஏறு. பல் டாக்டரின் நாற்காலிக்கும் ஸ்கேன் குழாய்க்கும் அஞ்சுவோர் பலர் இன்றும் இந்த வழியில் தேறுகிறார்கள்.

ஊசிக்கும் இரத்தத்துக்கும் அஞ்சுவோர் மட்டும் விதிவிலக்கு. மற்ற அச்சங்களில் இரத்த அழுத்தம் ஏறும். இதில் ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கி, ஆள் மயங்கி விழக்கூடும். அவரிடம் போய் ‘உடம்பைத் தளர விடுங்கள்’ என்றால் மயக்கத்துக்கு வழி செய்து கொடுத்ததாகும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1980களில் நேர்மாறாகச் செய்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில விநாடி இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்கச் சொன்னார். அழுத்தம் இறங்காமல் நின்றது. இரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது. சொல்லிக்கொடுக்கச் சில நிமிடம் போதும்.

இதே நடத்தையியலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் உளவியலாளர்களான அயியானும் அஸ்ரினும் 1960களில் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார்கள். வேலை செய்தால் டோக்கன். டோக்கன் கொடுத்தால் சலுகை. ஆண்டுக்கணக்கில் மூலையில் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். ஆனால் எது சலுகை, எது உரிமை? சோறும் படுக்கையும் டோக்கனுக்கு விற்கும் பொருளா? அலபாமா மாநில வழக்கொன்றில் 1972ல் நீதிமன்றம் மனநல மருத்துவமனை நோயாளிகளின் அடிப்படை வசதிகளை உரிமையாக வகுத்த பிறகு, அந்த முறையின் கை கட்டப்பட்டது. கட்டப்பட வேண்டிய கைதான்.

அடுத்தது அறிவாற்றல் பார்வை. பிலடெல்பியாவின் ஆரன் பெக் மனப்பகுப்பாய்வில் பயின்றவர். தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் இருண்ட முடிவுகள் தாமாகவே எழுந்து மனச்சோர்வைப் பிடித்து நிறுத்துகின்றன என்று 1960களில் கண்டார். அந்த முடிவுகளுக்குச் சாட்சி கேட்டு விசாரிப்பதே அவர் முறை. பலன் உண்டு, ஆனால் நடத்துவதற்கு ஆள் வேண்டுமே!

அந்த ஆளை கோவாவில் ஊருக்குள்ளேயே கண்டுபிடித்தார்கள். சங்காத் என்ற தொண்டு நிறுவனம், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. கடும் மனச்சோர்வில் வந்தவர்களிடம் அவர்கள் தத்துவம் பேசவில்லை. எந்த வேலையை விட்டுவிட்டீர்கள், யாரோடு பேசுவதை நிறுத்தினீர்கள், நாளைக்கு அதில் எதைத் திரும்பத் தொடங்கலாம் என்று கேட்டார்கள். ஆறு முதல் எட்டுச் சந்திப்பு. மூன்று மாதத்தில் 100க்கு 64 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர். இது 2017ல் ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கு.

பாகிஸ்தானில் அத்திஃப் ரஹ்மான் குழு நடத்திய வேலை இதனினும் நுட்பமானது. ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், பேறுகால மனச்சோர்வுக்கு வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களே சிகிச்சை கொடுத்தார்கள். ‘உங்கள் மருமகளுக்கு மனநோய்’ என்று சொல்லியிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். குழந்தை நன்றாக வளர வேண்டும், அதற்குத் தாய் நன்றாக இருக்க வேண்டும் என்று பேச்சை எடுத்தார்கள். மாமியாரும் வந்து உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தது 100க்கு 23 தாய்மாரிடம். இப்பயிற்சி இல்லாத பணியாளர்கள் சென்றுவந்த பகுதிகளில் அது 53. இது 2008ல் வெளியானது. பெக்கின் முறையை ஒரு மாமியார் ஒத்துக்கொள்ளும் பேச்சாக மாற்றியதுதான் அதன் சாமர்த்தியம்.

உளவியல் என்றால் மனநோய்க்கு மட்டும்தானா? அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 97 பேரிடம் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் டாக்டர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு பிரிவினரை ஆபரேஷனுக்கு முன்பே சந்தித்து, எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், ஏன் வலிக்கும், புரண்டு படுப்பது எப்படி என்று விளக்கினார். மற்றவர்களுக்கு வலி பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. விளக்கம் கேட்டவர்களுக்குப் பின்னர்த் தேவைப்பட்ட வலிமருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்கும் முன்னதாகப் போனார்கள். அறுவை டாக்டர்களுக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. ஆண்டு 1964. ‘ஒண்ணும் இல்லம்மா, சின்ன ஆபரேஷன்தான்’ என்று தோளில் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் அதற்குப் பிறகும் ஒழியவில்லை.

மனப்பகுப்பாய்விலிருந்து கிளைத்த பிணைப்புக் கோட்பாடு வார்டின் கதவையே திறக்க வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தைகள் வார்டுக்குப் பெற்றோர் வருவது தொந்தரவாகவே கருதப்பட்டது. வாரத்துக்கு ஓரிரு முறை, அதுவும் மணிக்கணக்குப் பார்த்து விட்டார்கள். காரணம் தயாராக இருந்தது: அம்மா வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது.

அந்தச் சமர்த்தைச் சந்தேகித்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் ஆன்னா பிராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்த்துக்கொண்டவர். பிறகு பிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பௌல்பியிடம் ஆய்வாளரானவர். முதலில் பிள்ளை கத்தி அழும், பிறகு ஏங்கி ஓய்ந்துவிடும், கடைசியில் அம்மாவே வந்தாலும் முகம் கொடுக்காமல் இருக்கும் என்று மூன்று கட்டங்களை அவர் பிரித்துக் காட்டினார். நர்சுகள் சமர்த்து என்று நினைத்தது மூன்றாவது கட்டம். யாரும் நம்பாததால் சினிமா கேமராவைத் தூக்கினார். குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் லண்டன் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படமெடுத்தார். தமக்கு வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கினார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, நாள்தோறும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார்.

1952ல் லண்டனில் அந்தப் படம் திரையிடப்பட்டபோது டாக்டர்கள் பலர் கொதித்தார்கள். குழந்தை மருத்துவத்தையே அவதூறு செய்கிறார் என்றார்கள். ஆனால் 1959ல் பிளாட் குழு அரசுக்குக் கொடுத்த அறிக்கை, பெற்றோர் வருகைக்குத் தடை கூடாது, சிறு குழந்தையுடன் தாய் தங்க வழி செய்ய வேண்டும் என்றது. அறிக்கை வந்ததும் வார்டு மாறிவிடவில்லை. 1961ல் தாய்மாரே ஒரு சங்கம் தொடங்கி, மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிள்ளையின் கட்டிலோரம் பாய் விரித்துப் படுக்கும் தாய்க்கு யாரும் இந்தக் கோட்பாட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது ஒரு கட்டிலும் ஒரு குளியலறையும்.

நர்சுகளைக் குறை சொல்லி இந்த இடத்தைக் கடந்துவிடுவது நியாயமல்ல. லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ், 1960ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வில் நர்சுகளின் பக்கத்தையும் பார்த்தார். ஒரு நர்ஸ் ஒரே நோயாளியிடம் அதிக நேரம் இருக்கவிடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, நோயாளியைப் பெயர் சொல்லாமல் கட்டில் எண்ணாலும் கெட்டுப்போன உறுப்பாலும் குறிப்பிடுவது — இவையெல்லாம் சாவையும் வேதனையையும் தினம் பார்ப்பவர்களின் மனக்கலக்கத்தைத் தடுக்க நிர்வாகம் எழுப்பிய சுவர்கள் என்றார். சுவர் கலக்கத்தைத் தடுக்கவில்லை. வேலையில் கிடைக்கும் நிறைவைத்தான் தடுத்தது. பயிற்சி நர்சுகளில் கணிசமானோர் பாதியிலேயே விலகினார்கள். ‘பெட் நம்பர் பதினேழு’ என்ற குரல் எந்த ஊர் வார்டிலும் கேட்கக்கூடியதே. அந்தக் குரலுக்குரியவரையும் யாராவது கேட்க வேண்டும்.

மனிதநேய உளவியலின் கார்ல் ரோஜர்ஸ், நிபந்தனையற்ற மதிப்பு, உண்மைத்தன்மை, பிறர் நிலையை உள்ளிருந்து உணர்தல் ஆகிய மூன்றையும் வலியுறுத்தினார். மேடைக்கு ஏற்ற சொற்கள், காதுக்கு இனியவை. அவற்றுக்கு எலும்பும் சதையும் கொடுத்தவர் பிராட்ஃபோர்டின் டாம் கிட்வுட். 1997ல் வந்த நூலில், மறதிநோய்க்காரர்களை நல்ல எண்ணம் உள்ள பணியாளர்களே எப்படிச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று அவர் பட்டியல் போட்டார். குழந்தையைப் போல் கொஞ்சுவது, அவர் இருக்கும்போதே இல்லாதவர்போல் தலைக்கு மேலே பேசுவது, அவரால் முடிந்ததையும் பறித்துச் செய்வது, அவர் பின்தொடர முடியாத வேகத்தில் பேசுவதும் ஊட்டுவதும். ஒரு முதியோர் இல்லத்தைச் சோதிக்கப் போகிறவர் கையில் இந்தப் பட்டியல் இருந்தால் போதும்; சுவரின் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம்.

உளவியல் சறுக்கிய இடமும் உண்டு. 1940களில் அமெரிக்க மனப்பகுப்பாய்வாளர் சிலர், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்றார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார் செய்யாத குற்றத்தைச் சுமந்தார்கள். அந்தக் கருத்து தோற்றது. குடும்பத்தைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வேறு வழியில் திரும்பி வந்தது.

லண்டன் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் கூட்டாளிகளும் 1958ல் ஒரு விந்தையைக் கண்டார்கள். மனச்சிதைவு தணிந்து வெளியே வந்த ஆண்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள், வாடகை விடுதிக்குப் போனவர்களைவிட அதிகமாக மருத்துவமனைக்குத் திரும்பினார்கள். வீட்டில் என்னதான் நடக்கிறது? உறவினரைப் பேசவிட்டுக் கேட்டார்கள். சொன்ன விஷயத்தோடு சொன்ன தொனியையும் அளந்தார்கள். கடிந்துரை, பகைமை, அளவுமீறிய தாங்கல் என்ற மூன்றும் கணக்கில் வந்தன. 1972ல் முடிவு வந்தது: இவை மிகுந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் 100க்கு 58 பேருக்கு நோய் திரும்பியது, குறைந்த வீடுகளில் 16 பேருக்கு.

தமிழ் வீடுகளில் அந்தக் கடிந்துரைக்கு ஒரு சொல் உண்டு: தண்டச்சோறு. நோயினால் எழுந்திருக்கும் உந்துதலே அற்றுப்போனவரைச் சோம்பேறி என்று நினைத்துச் சொல்லும் சொல். எதிர்ப்பக்கத்தில், முப்பது வயது மகனுக்குக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் தாயும் இருக்கிறார். இருவருமே நோயை உண்டாக்கவில்லை; நோய் என்னவென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. லண்டன் மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப்பின் குழு அதைத்தான் சொல்லிக்கொடுத்தது. நோய் பற்றிய விளக்கம், குடும்பங்கள் கூடிப் பேசும் கூட்டம், வீட்டில் முகத்தோடு முகம் பார்க்கும் நேரத்தைக் குறைக்கும் ஏற்பாடு. மருந்து எல்லோருக்கும் தொடர்ந்தது. 1982ல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில், குடும்பப் பயிற்சி இல்லாதவர்களில் பாதிப்பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்ற பிரிவில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மருந்தோ பேச்சோ என்ற பட்டிமன்றம் இங்கே அர்த்தமற்றது.

1987ல் வெளிவந்த சண்டிகர் ஆய்வில், கடிந்துரையோ பகைமையோ அளவுமீறிய தாங்கலோ மிகுந்த உறவினரின் விகிதம் லண்டனில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிடக்கூடாது. கூட்டுக் குடும்பத்தில் நாலு பேரிடம் பிரிந்து கிடந்த சுமை, இப்போது ஒரு வயதான தாயின் தலையில் இருக்கும் வீடுகள் பெருகியிருக்கின்றன.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1957ல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோதே, உள்நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்று வைத்தது. லண்டன் ஆய்வுகளுக்கு முந்திய ஏற்பாடு அது. உறவினர் அங்கே வெறும் அட்டெண்டர் அல்லர், சிகிச்சையில் ஒரு பங்கு. மாவட்ட மருத்துவமனை மனநல ஓ.பி.யில் இன்று மாத்திரைச் சீட்டு கிடைக்கிறது. அந்தச் சீட்டை வாங்க வரும் அம்மாவையும் அண்ணனையும் அரைமணி நேரம் உட்கார வைத்து நோயை விளக்க, பயிற்சி பெற்ற ஒருவரை ஒவ்வொரு ஓ.பி.யிலும் நியமிக்க வேண்டும். அரசுக்குப் போக வேண்டிய கோரிக்கை அது.