கூப்பிட்டால் திரும்புகிறானே என்று இருந்துவிடாதீர்கள்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். அதுவும் வரும், கடைசியில். முதலில் ஒரு பிள்ளையின் கதை. அவனுடைய அம்மா, அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

போன மாதம் அந்தக் குடும்பத்தோடு யாழ்ப்பாணப் பக்கம் போய் வந்தேன். கண்டியில் இரவு பஸ் ஏறினோம். விடியும் நேரம் ஆனையிறவு, பிறகு சாவகச்சேரி, அதற்கப்புறம் கைதடி. மலையையே பார்த்த கண்ணுக்கு அந்தத் தட்டை நிலமும் பனைமரமும் வேறு நாடு மாதிரி இருந்தது. நாங்கள் தேடிப் போனது கைதடி நவீல்ட் பாடசாலை. 1956 முதல் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் தமிழில் படிப்புச் சொல்லிக் கொடுக்கிற இடம். அங்கே பிள்ளைகள் கைகளாலேயே கதைத்து, சண்டை பிடித்து, சிரிப்பதைப் பார்த்ததும் நம்ம பையன் அம்மாவின் சேலையை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் போய் நின்றான். அவன் தானாகப் போய் யாரோடும் நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவனுக்கு ஆறு வயது. என்னுடைய முதலாம் தர வகுப்பு. முதல் தவணை முழுவதும் அவனைப் பின் வாங்கில் வைத்திருந்தேன். சொன்னதைச் செய்ய மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பான். இரண்டு மூன்று சொல்தான் பேசுவான், அதுவும் தெளிவில்லை. மந்தமான பிள்ளை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டேன். வகுப்பே கத்தியது. திரும்பிப் பார்த்தால் இவன் மட்டும் என் முதுகைப் பார்த்தபடி இருக்கிறான். முகத்துக்கு நேரே அதே கேள்வியைக் கேட்டேன். என் வாயையே உற்றுப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியாஸ்பத்திரியில் சோதித்தபோது இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்றார்கள்.

அவன் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கூப்பிட்டால் திரும்புவானே டீச்சர்?"

திரும்புவான். ஏன் திரும்புவான் என்று பாருங்கள். லயத்தில் கதவைத் தட்டினால் பலகை அதிரும். ஆள் நடந்தால் தரை அதிரும். வாசலில் நின்றால் வெளிச்சம் மறையும். காது கேளாத குழந்தை கண்ணாலும் காலாலும் கேட்டுப் பழகிவிடுகிறது. அதனால் கெட்டிக்காரப் பிள்ளைதான் நம்மை அதிகம் ஏமாற்றும். இன்னொன்று, கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் "ங்கா, ங்கா" என்று சத்தம் போடும். அதை வைத்துக் காது நல்லது என்று சொல்ல முடியாது. நாள் போகப் போக அந்தச் சத்தம் குறையும், சொல்லாக மாறாது.

வீட்டில் பார்க்க விரும்பினால் பிள்ளை விளையாடும்போது பின்னால், நிழல் விழாத பக்கம் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கை தட்ட வேண்டாம், சட்டியையும் தட்ட வேண்டாம். ஆறு மாதத்தில் குரல் வரும் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதளவில் ஒன்றிரண்டு சொல் வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். வரவில்லை என்றால் "அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்" என்று மாமியார் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். மாமியார்மார் கோபிக்கக் கூடாது, என் அம்மாவும் இதையேதான் சொல்வார். பேச்சு பிந்தினால் முதலில் காதைச் சோதியுங்கள். பிள்ளை பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, தூங்கும்போதே செய்யும் பரிசோதனை இருக்கிறது.

அவசரம் ஏன்? அமெரிக்காவில் 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடித்து உதவி கொடுத்த பிள்ளைகள், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை விட மொழியில் நன்றாக முன்னே போனது தெரிந்தது. மூளை மொழியைப் பிடிக்கிற காலம் முதல் சில வருடங்கள்தான். நம்ம பையனுக்கு அதில் ஆறு வருடம் போய்விட்டது.

காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சிறுபிள்ளைகளின் கேளாமையில் 60 சதவீதம் தடுக்கக் கூடியது. கர்ப்பத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் காது போகலாம். நம் நாட்டில் 1996 முதல் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, தவற விடாதீர்கள். பிறந்தவுடன் கடுமையாக வரும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் இரண்டும் ஆபத்து. காதில் சீழ் வந்தால் டிஸ்பென்சரிக்கு. எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கொண்டை ஊசியால் குடைவது வேண்டவே வேண்டாம். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் பிறவிக் கேளாமை கூடுதலாக வருகிறது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு இருந்தால் தம்பி தங்கச்சியையும் சோதிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்தப் பையனுக்கும் ஒன்றரை வயதில் தங்கச்சி இருக்கிறாள். இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. கிளினிக் திகதி கொடுத்தது புதன்கிழமை. புதன்கிழமை போனால் அம்மாவுக்கு ஒரு பேர் போகிறது. முதல் திகதியை அதனாலேயே விட்டுவிட்டார்கள். அவர்களை நான் ஏசவில்லை. மாதக் கடைசியில் ஒரு பேர் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், கொழுந்து எடுத்துத்தான் என் அம்மா என்னைப் படிக்க வைத்தார்.

இதுதான் நான் சொன்ன சம்பள விஷயம். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போகும் நாளுக்கு, கிளினிக் துண்டைக் காட்டினால் முழுப் பேர் போட வேண்டும். அரைப்பேர் அல்ல. பிள்ளை மடுவத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் காதையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க ஏற்பாடு வேண்டும். இவை இரண்டையும் துரையோடு அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கும்படி தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

பையனைக் கைதடியில் விடுவதா, கருவி போட்டு என் வகுப்பிலேயே வைப்பதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு வர எந்தத் தாய்க்கு மனம் வரும்? இப்போது முன் வாங்கில், எனக்கு நேரே இருக்கிறான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளை மடுவத்தில் இருப்பேன். கிளினிக் கொப்பியை எடுத்து வாருங்கள். கேட்டலைப் பற்றிய கேள்விகள் அதில் இருக்கின்றன, பல வீட்டில் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. உட்கார்ந்து ஒன்றாக நிரப்புவோம்.