கிளிப் போட்டவர் நம்ம ஓ.பி.க்கு வந்தால்

(அரசு மருத்துவமனைகளில் பணியாற்றும் பல் மருத்துவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பொதுமக்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடப்படுகிறது.)



பல் மருத்துவர்கள் நிறைந்த இந்த அறையில், பல் மருத்துவம் படிக்காத ஒருத்தி பேச வந்திருக்கிறேன். செய்தித் துறையில் மக்களுக்கான கையேடுகள் எழுதுவது என் வேலை. பல்லுக்கு கிளிப் போட்ட பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் எளிய தமிழில் ஒரு கையேடு எழுதச் சொன்னார்கள். அதற்காக மருத்துவர்களிடமும் கிளிப் போட்டவர்களிடமும் நிறையப் பேசினேன். "கிளிப் எப்படிப் போடுவாங்க?" என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. "போட்ட பிறகு நடுவுல ஏதாவது ஆச்சுன்னா எங்க போறது?" என்பதுதான் பெரும்பாலோருடைய கேள்வி. இதற்குக் கையேட்டில் என்னால் ஒரு வரிதான் எழுத முடியும். மீதிப் பதில் உங்களிடம் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கிளிப் போடுவதற்கான பயிற்சி வேறு. அது பி.டி.எஸ். முடித்தபின் மூன்று ஆண்டு படிக்கும் எம்.டி.எஸ். படிப்பு. கிளிப் போட்டிருப்பவருக்கு மற்ற பல் சிகிச்சைகளைப் பாதுகாப்பாகச் செய்வதற்கான பயிற்சி வேறு. அது ஒவ்வொரு பல் மருத்துவருக்கும் தேவை. இன்றைய வகுப்பு இரண்டாவது பயிற்சிக்கானது.

ஏன் தேவை? கணக்குப் போட்டுப் பாருங்க. நிலையான கிளிப் சிகிச்சை சாதாரணமாக ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை போகும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கிளிப் போட்ட மருத்துவரைப் பார்ப்பார்கள். இரண்டு ஆண்டிலும் சேர்த்து இருபது, இருபத்தைந்து தடவை. மற்ற எழுநூறு நாளும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில், விளையாட்டு மைதானத்தில், விடுதியில், பாட்டி ஊரில் இருக்கும். கம்பி குத்துவதும் கிளிப் கழன்று போவதும் அந்த எழுநூறு நாளில்தான் நடக்கும். அப்போது பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

இப்போது தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என மூன்று இடங்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1953-ல் தொடங்கியது. புதுக்கோட்டைக் கல்லூரி 2023-ல் திறக்கப்பட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 250 கிலோமீட்டர். குத்துகிற ஒரு கம்பி முனையை வெட்டுவதற்காக ஒரு தாய் ஒருநாள் கூலியை விட்டு, பிள்ளையின் பள்ளியை விட்டு, பஸ் ஏற வேண்டியிருக்கிறது. உங்கள் நாற்காலியில் அது சில நிமிட வேலை.

"கிளிப் போட்ட டாக்டரையே போய்ப் பாருங்க." நான் பேசியவர்களில் பலரும் கேட்டிருந்த வார்த்தை இது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. வயரை மாற்றுவது, பல்லை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதெல்லாம் அந்த மருத்துவரின் முடிவு. அதில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. ஆனால் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தாலோ, கன்னம் புண்ணாகியிருந்தாலோ, சொத்தைப் பல் வலித்தாலோ, அது யார் போட்ட கிளிப் என்று கேட்க வேண்டியதில்லை. அது உங்கள் நோயாளி.

கொஞ்சம் வரலாறு. கிளிப்பின் இன்றைய வடிவத்துக்கு மூலமானவர் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஆங்கிள். செவ்வகக் கம்பி உட்காரும் பள்ளம் கொண்ட பிராக்கெட்டை அவர் 1928-ல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்டித்தான் பிராக்கெட்டைப் பொருத்துவார்கள். 1955-ல் மைக்கேல் புவனோகோர், பல் எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாக ஒட்டும் என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் பிராக்கெட்டை நேரடியாகப் பல்லிலேயே ஒட்டும் வழி பிறந்தது. ஒட்டுவது எளிதானது, கூடவே ஒரு புதுப் பொறுப்பும் வந்தது. பிராக்கெட்டைச் சுற்றி உணவுத் துகளும் படலமும் தங்க ஆயிரம் மூலை கிடைத்துவிட்டது.

இனி, பயிற்சியில் எதெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்த மருத்துவர்கள் சொன்னதை, நோயாளியின் பக்கத்திலிருந்து வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, வெள்ளைத் திட்டு. சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் நான்கே வாரத்தில் பிராக்கெட்டைச் சுற்றி எனாமல் கரைந்து வெண்மையாகத் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு ஆண்டு கழித்து கிளிப்பைக் கழற்றும்போது பல் நேராக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பல்லிலும் கட்டம் போட்டதுபோல் வெள்ளை விளிம்பு நிற்கும். வீட்டில் கடன் வாங்கிச் செய்த சிகிச்சையின் பலன் இப்படிப் போகலாமா? பல்லைக் காற்றால் உலர்த்தி, பிராக்கெட்டின் ஈறுப் பக்க ஓரத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். திட்டு தெரிந்தால் ஃபுளோரைடு வார்னிஷ் தடவலாம், துலக்கும் முறையைக் கண்ணாடியில் காட்டித் தரலாம். இதற்கு வயரைக் கழற்றத் தேவையில்லை. கிளிப் போட்ட மருத்துவருக்கு ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை அவர் கவனிப்பார்.

இரண்டாவது, குத்தும் கம்பி. பல் நகர நகர, வயரின் கடைசி முனை கடைவாய்ப் பல்லைத் தாண்டி நீண்டு கன்னத்தைக் குத்தும். வெட்டிய துண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும் கட்டர் ஒன்று ஒவ்வொரு பல் பிரிவிலும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், துண்டு தொண்டைக்குள் போய்விடாதபடி பஞ்சு வைத்துப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். பிராக்கெட்டைக் கட்டியிருக்கும் மெல்லிய கம்பி குத்தினால், முனையை உள்பக்கம் மடித்துவிட்டாலே சரியாகிவிடும். எதுவும் முடியாத இடத்தில் மெழுகு. ஒரு சிட்டிகை மெழுகு அன்று ராத்திரி ஒரு பிள்ளையைத் தூங்க வைக்கும்.

மூன்றாவது, கழன்ற பிராக்கெட். அது கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அவசரம் இல்லை. உறுத்தினால் மெழுகு வைத்து, மருத்துவரைப் பார்க்கும் தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லலாம். முழுசாக வெளியே வந்துவிட்டால், அதை ஒரு சின்ன டப்பாவில் பத்திரமாக எடுத்துப்போகச் சொல்லுங்க. ஒன்று கழன்றுவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் கழற்றிவிடக் கூடாது. விழுங்கிவிட்டதாகச் சொல்லி, இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அங்கே பல் வேலை கிடையாது, உடனே 108.

நான்காவது, பல் எடுத்தல். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பல் வரிசைக்கு இடம் உண்டாக்க, முன்கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொல்லி ஒரு சீட்டோடு பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள். நல்ல பல்லை எடுக்கப் போகிறீர்கள். திருப்பி வைக்க முடியாது. ஆகவே இரட்டை எண் முறையில் 14, 24, 34, 44 என்று எண் தெளிவாக இருக்கிறதா, நோயாளியின் பெயரும் தேதியும் சரியா, எக்ஸ்ரே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெற்றோரிடமும் பல்லைத் தொட்டுக் காட்டி, "இதைத்தான் எடுக்கப் போறோம்" என்று சொன்ன பிறகே ஊசி போட வேண்டும். சீட்டில் சந்தேகம் இருந்தால் அனுப்பியவருக்கு ஒரு போன். வரிசை நீளமாக இருக்கும் நாளில்கூட இதற்கு விலக்கு கூடாது.

ஐந்தாவது, அடிபட்டு வருபவர்கள். சைக்கிளிலிருந்து விழுந்து வந்தால் உதட்டின் உள்பக்கம் பிராக்கெட்டில் மாட்டிக் கிழிந்திருக்கும். ஆடுகிற பல்லை அந்தக் கம்பியே பிடித்து வைத்திருக்கவும் கூடும். அவசரத்தில் அதை அறுத்துவிடக் கூடாது. அதேசமயம் அடிபட்ட பல்லைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. அதனால் முதலுதவி உங்களுடையது. கிளிப் போட்ட மருத்துவருடன் அன்றைக்கே பேச வேண்டும். தலைக்கு எம்.ஆர்.ஐ. எழுதும் மருத்துவர் கேட்டால், இரும்புக் கம்பி படத்தைக் கெடுக்கும் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கிளிப் என்றால் வசதியானவர்கள் அழகுக்குப் போடுவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவோடு பிறந்த பிள்ளையை நினைத்துப் பாருங்க. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் திட்டத்தில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பார்க்கும் குறைபாடுகளில் அதுவும் ஒன்று. பிளவை மூடிய அறுவை சிகிச்சையோடு அந்தப் பிள்ளையின் பயணம் முடிவதில்லை. ஈறு எலும்பில் இருக்கும் பிளவை நிரப்புவதற்கு முன்னும் பின்னும் பல் வரிசையைச் சீராக்கப் பல பிள்ளைகளுக்கு கிளிப் தேவைப்படும். சாப்பிடுவதும் பேசுவதும் அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கிளிப் பாதியில் நின்றுபோனால் அடுத்த அறுவை சிகிச்சையும் தள்ளிப்போகும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் பணியாற்றுபவர்களுக்கு இன்னொரு சேதி. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஃபுளோரைடு பாதித்த எனாமலில் பிராக்கெட் உறுதியாக ஒட்டுவது கடினம்; அடிக்கடி கழன்று வரலாம். "சரியா பாத்துக்கலையா?" என்று பிள்ளையைத் திட்டும் முன் பல்லின் நிறத்தைப் பாருங்க.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? நான் பார்த்தவரை, திரையில் படம் காட்டுவதைவிடக் கையில் கொடுப்பது பலன் தருகிறது. செயற்கைப் பல் வரிசை மாதிரியில் பிராக்கெட் ஒட்டி, வயர் மாட்டி வைத்துவிட்டால், ஒவ்வொருவரும் முனையை வெட்டிப் பார்க்கலாம், ரப்பர் வளையத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். மெழுகை மட்டும் உங்கள் வாயிலேயே வைத்துப் பாருங்க. நோயாளிக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று அப்போது தானாகப் புரியும். கட்டர், மெழுகு, கண்ணாடி, இடுக்குத் துலக்கி இந்த நான்கும் ஒரு தட்டில் எப்போதும் தயாராக இருந்தால், பாதிப் பயிற்சி அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

இனி என் துறை: வார்த்தை. "வாய் சுகாதாரம் பேணவும்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "சாப்பிட்ட பிறகு பிராக்கெட்டுக்கு மேல ஒருதடவை, கீழ ஒருதடவை துலக்கு" என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். "கடினமான உணவைத் தவிர்க்கவும்" என்பதைவிட "முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ்கட்டி வேண்டாம், கொய்யாவைக் கடிக்காம நறுக்கிச் சாப்பிடு" என்பது மேல். வயர் மாற்றிய முதல் மூன்று நான்கு நாள் பல் வலிப்பது சாதாரணம் என்பதையும் சொல்லுங்க. அது தெரியாமல் பயந்துபோய்க் கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு.

இதைப் படிக்கும் பொதுமக்களுக்கும் நான்கு வார்த்தை. கிளிப் போடும் முன், போடுபவர் பதிவு பெற்ற பல் மருத்துவரா என்று கேளுங்க. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சிகிச்சைச் சீட்டையும் மருத்துவரின் போன் எண்ணையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. ஊர் மாறினால் அங்கே இன்னொரு மருத்துவரிடம் தொடர்வதற்கு மாற்றுக் கடிதம் கேட்டு வாங்குங்க. யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் கிளிப்பை வாயில் விட்டுவைப்பது, போடாமல் இருப்பதைவிட மோசம். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

மருத்துவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கிளிப் போட்டவர் வந்தால், ஓ.பி. சீட்டில் மூன்று வரி எழுதுங்க: என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், கிளிப் போட்ட மருத்துவர் என்ன செய்ய வேண்டும். அந்தச் சீட்டு அடுத்த நாற்காலிக்குப் போகும்போது, இரண்டு மருத்துவர்களும் ஒரே வாயைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். நடுவில் அந்தப் பிள்ளை அலைய வேண்டியிருக்காது.